கண் திறக்கிறவர்

இழுத்துக் கட்டிய துணியை விரலால் தட்டும் சத்தம் அது. பறையின் அதிர்வு அதில் இருக்காது. முற்றிய பூசணியைத் தட்டினால் உள்ளிருந்து ஏதோ ஒன்று பதில் சொல்லுமே, அப்படி. ஒரு தட்டு, சற்று அமைதி, இன்னொரு தட்டு. பிறகு பிலோமினா டீச்சரின் குரல் வரும்.

"ம். தயார்."

அதைக் கேட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போதும் சில மத்தியானங்களில், வீடு அடங்கியிருக்கும்போது, அந்தச் சத்தம் கேட்கும். எழுந்துபோய்க் கதவைத் திறந்தால் தெருதான் இருக்கும்.

மரக்காணத்தில் உப்பளத்தின் ஓரமாக ஒரு பழைய கிடங்கு இருந்தது. உப்பு மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றியபின் சும்மா கிடந்த அதை டீச்சர் வாடகைக்கு எடுத்திருந்தார். ஒரு பாதியில் அவருடைய படங்கள். தட்டி வைத்து மறைத்த மறுபாதியில் நான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். டீச்சர் அதற்கு முன்னால் பாண்டிச்சேரியில் ஒரு கான்வென்ட்டில் ஓவியம் கற்றுக்கொடுத்தவர். வேலையை அவர் விட்டுவிட்டார். 'டீச்சர்' அவரை விடவில்லை. அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும்.

அவருடைய படங்களில் மனிதர் கிடையாது, மரம் கிடையாது, படகு கிடையாது. நிறங்கள் மட்டும். ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறும், விலகும், பாதி வழியில் நின்றுவிடும். உப்பு வாரும் பெண்கள் தண்ணீர் குடிக்க வரும்போது வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

"இது என்னா டீச்சர்?"

"எனக்கும் இன்னும் தெரியல."

"தெரியாமத்தான் இம்மாம் பெருசாப் போட்டிருக்கியா?"

"சின்னதாப் போட்டாத் தெரிஞ்சிடுமா?"

சொம்பை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். அவர்களுக்குப் பின்னால் பாத்திகள் வெயிலில் கிடக்கும். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல், ஒன்று இளஞ்சிவப்பு. தண்ணீர் வற்ற வற்ற அவை நிறம் மாறுவதை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஓர் ஆடி மாதத்தில் தணிகாசலம் வந்தார்.

ஐம்பதைத் தாண்டியவர். சலவைச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை, கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம். தட்டை டீச்சரின் முன்னால் வைத்துவிட்டுக் கீழே விழப் போனார். டீச்சர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"என்னாண்ணே இது. உங்க வயசுக்கு நான்தான் விழணும்."

"குருவுக்கு வயசு ஏது, டீச்சரம்மா."

"யாரு குரு? பழம் எங்க வாங்கினது?"

"திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல."

டீச்சர் ஒன்றை உரித்துத் தின்றார். என்னிடம் ஒன்று நீட்டினார். மிச்சத்தை அவரிடமே கொடுத்தார்.

"நீங்களும் சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க."

அவர் சாப்பிடவில்லை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"திண்டிவனத்துல ஒரு போட்டோ ஸ்டூடியோவுல இருக்கேன். கண்ணு திறக்கிற வேலை."

அந்தக் காலத்தில் பல வீடுகளில் ஒருவரை முதல் தடவை போட்டோ எடுப்பது அவர் இறந்த பிறகுதான். நாற்காலியில் உட்கார்த்தி, தாடையைக் கட்டி, மாலை போட்டு எடுப்பார்கள். கண் மூடியிருக்கும். அப்படியே சுவரில் மாட்ட யாருக்கும் மனம் வராது. ஸ்டூடியோவில் அதைப் பெரிதாக்கி, மூடிய இமையின் மேல் கண்ணை வரைந்து கொடுப்பார்கள். திண்டிவனத்தைச் சுற்றி இருந்த ஊர்களில் அந்த வேலைக்குத் தணிகாசலத்தை விட்டால் ஆள் இல்லையாம். அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். அதில் ஒரு பெண். மெலிந்த முகம். கனகாம்பரம் வைத்திருந்தார்கள். கண் மூடியிருந்தது.

"இவ என் சம்சாரம், வேதவல்லி. செத்துப் பதினெட்டு வருஷம் ஆச்சு. உயிரோட இருக்கையில ஒரு படம் எடுக்கல. ஸ்டூடியோவிலேயே கிடக்கிறவன் நான். நம்ம வீட்டு ஆளுதானே, என்னைக்கு வேணாலும் எடுத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

தணிகாசலம் அட்டையின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"ஊருக்கெல்லாம் திறந்தாச்சு. இவளுக்கு வர மாட்டேங்குது. எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துட்டேன். போட்டு முடிச்சா வேற யாரோ பார்க்கிறாங்க. அழிச்சிடுவேன்."

"இப்ப என்ன அவசரம்?"

"பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். கஸ்தூரின்னு பேரு. அம்மா போனப்போ அவ கைக்குழந்தை. கல்யாணத்துல மாலை போட அம்மா படம் வேணும்னா. சரின்னேன். அப்புறம் சும்மா இல்லாம, 'அம்மா எப்படிப்பா பார்ப்பாங்க'ன்னு கேட்டா."

பழத்தைத் தட்டில் வைத்தார்.

"எனக்குத் தெரியல, டீச்சரம்மா. மறந்துடுச்சு. மூக்கு ஞாபகம் இருக்கு, காதோரத்து மச்சம் ஞாபகம் இருக்கு. பார்வை ஞாபகம் இல்ல. அதை அவகிட்ட எப்படிச் சொல்றது?"

"அதுக்கு என்கிட்ட ஏன் வந்தீங்க?"

"உங்களைப் பத்திச் சொன்னாங்க. எதிர்ல ஒண்ணுமே வச்சுக்காமப் போடுவீங்களாம். ஆளு வேணாம், போட்டோ வேணாம். அந்த வித்தைதான் எனக்கு வேணும். கண்ணால பார்க்காததைப் போடறது."

"எனக்கு முகம் வரையத் தெரியாதுண்ணே."

"முகம் எனக்குத் தெரியும். மத்ததைச் சொல்லிக்குடுங்க."

டீச்சர் அந்தப் போட்டோவைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"பையில வையுங்க. நான் சொல்ற வரைக்கும் வெளியில எடுக்கக் கூடாது."

ஆடியில் கல்யாணம் இல்லை, ஸ்டூடியோவில் வேலை இல்லை. தணிகாசலம் அங்கேயே ஒரு மூலையில் பாயை விரித்துக்கொண்டார்.

முதலில் டீச்சர் அவரைத் துணி கட்டும் மரச்சட்டம் அடிக்க விட்டார். உப்புக் காற்றில் இரும்பு ஆணி துருவேறிவிடும் என்பதால் செப்பு ஆணிதான். காடாத் துணியை இழுத்துப் பிடித்து அடித்து, பசை தடவி, வெள்ளை பூசி, காயவைத்து, விரலால் தட்ட வேண்டும். அவர் தட்டியபோது சத்தம் சோர்ந்துபோய் வந்தது. பிரித்துவிட்டு மறுபடி இழுக்கச் சொன்னார் டீச்சர். சத்தம் சரியாக வந்ததும், "ஒரு நிறம் வையுங்க" என்றார்.

"என்ன நிறம்?"

"உங்களுக்குப் பிடிச்சது."

"எதுக்குன்னு தெரிஞ்சாத்தானே பிடிச்சதைச் சொல்ல முடியும்? சேலைக்குன்னா ஒண்ணு, சுவத்துக்குன்னா ஒண்ணு."

"எதுக்குன்னு வச்சப்புறம் தெரியும்."

அவர் நம்பவில்லை. ஆனாலும் பழுப்பை எடுத்தார். போட்டோவுக்கு நிறம் ஏற்றுகிறவர்கள் குச்சியில் பஞ்சைச் சுற்றி வைத்திருப்பார்கள். அதைக்கொண்டு வட்டமாகத் தேய்த்தார். தள்ளி நின்று பார்த்தார். ஓரத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கினார். பிறகு, கை தன்னால் போனதுபோல, பையிலிருந்து மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்து, ஒரு பக்கமாக ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார்.

மூன்று பேரும் பார்த்தோம். பழுப்புக் கறை எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"அது என்னாண்ணே புள்ளி?"

"உசுரு."

"என்னது?"

"கருவிழியில ஒரு ஓரமா வெள்ளையா வைக்கிறது. அது இல்லன்னா கண்ணு திறந்திருந்தாலும் செத்த ஆளுதான். நாங்க அதை உசுருன்னுவோம்."

"இது யாரு உசுரு?"

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"எங்க முதலாளியோட அப்பா மாதிரி இருக்கு."

டீச்சர் படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

"இப்பவும் பார்க்கிறாரு," என்றார் தணிகாசலம் வருத்தத்தோடு.

அடுத்த துணியிலும் அதுவேதான். பச்சையில் தொடங்கினாலும் நீலத்தில் தொடங்கினாலும் கடைசியில் அந்தப் புள்ளி வந்துவிடும். கொஞ்ச நாளில் கிடங்கின் சுவர் முழுக்கக் கண்கள். தட்டியைத் தாண்டிப் போகும்போது நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனேன். உப்பு வாரும் பெண்கள் உள்ளே வருவதை நிறுத்திவிட்டார்கள். "பக்கத்துல யாரோ இருக்கிற மாதிரியே இருக்கு, டீச்சர். தண்ணிப் பானையை வெளியில வச்சிடு" என்றாள் ஒருத்தி.

ஒரு நாள் தணிகாசலம் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் வந்தது கண்ணு போட. நீங்க போடாதேங்கிறீங்க."

"நான் எங்க சொன்னேன்? வந்தா வரட்டும். இதுல ஏதாவது வேதவல்லியா?"

"இல்ல."

"அப்ப இவங்கெல்லாம் யாரு?"

அவர் எழுந்து சுவரோரமாக நடந்தார். ஒவ்வொரு படத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது செஞ்சி மிராசுதாரரு. இது பஸ் கண்டக்டர் ஒருத்தரோட அம்மா. இந்த ரெண்டும் வல்லத்துக்காரரு. இது ஒரு மாமியார். மருமக வந்து, 'கொஞ்சம் சின்னதாவே திறங்கண்ணே, பெருசா முழிச்சா எனக்குச் சோறு இறங்காது'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

டீச்சர் சிரித்தார். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"எல்லாரும் உள்ள வந்து உக்காந்துட்டாங்க, டீச்சரம்மா. அவளுக்குத்தான் இடமில்ல."

அன்று டீச்சர் அவரை வேலை செய்யச் சொல்லவில்லை. தன் படத்தின் முன்னால் போய் நின்றார். மாதக்கணக்காக அவர் போட்டுக்கொண்டிருந்த பெரிய படம் அது. மங்கிய வெள்ளையும் சாம்பலும் பரந்து கிடக்க, வலது பக்கம் மேலே ஒரு நீலம். கையகல நீலம்தான். வெயில் தாழ்ந்தபின் பாத்தித் தண்ணீரில் ஒரு கணம் நின்றுவிட்டுப் போகுமே, அந்த நீலம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். தணிகாசலமும் காபி குடிக்கும்போது அதற்கு எதிரில்தான் உட்காருவார்.

டீச்சர் தகட்டுக் கத்தியை எடுத்தார். அந்த நீலத்தைச் சுரண்டினார்.

தணிகாசலம் பதறி எழுந்தார். "ஐயோ, அது நல்லா இருந்துதே."

"அது மட்டும்தான் நல்லா இருந்துது."

"அதைப் போயி எடுக்கலாமா?"

"மத்ததெல்லாம் அதுக்குச் சேவகம் பண்ணிக்கிட்டு இருந்துச்சுண்ணே. நானும்தான். ரெண்டு மாசமா அதைச் சுத்தியே நடக்கிறேன். அதைத் தொட பயம்."

"இப்ப ஒண்ணுமே இல்லியே."

"ஆமா."

சுரண்டிய இடத்தில் துணியின் இழை தெரிந்தது. கத்தியைத் துடைத்துக்கொண்டே டீச்சர் கேட்டார்.

"கண்ணு திறக்கச் சொல்லி வர்றவங்ககிட்ட முதல்ல என்ன கேப்பீங்க?"

"எப்படிப் பார்ப்பாருன்னு கேப்பேன். கோவக்காரரா, சாதுவா, சிரிச்ச மூஞ்சியா. அதுக்குத் தக்க மாதிரி வச்சிடுவேன்."

"எதைப் பார்ப்பாருன்னு கேட்டிருக்கீங்களா?"

"எதைன்னா?"

"கண்ணு இருந்தா எதையாவது பார்த்துக்கிட்டுத்தானே இருக்கும்."

தணிகாசலம் வெளியே போய்ப் பாத்தி வரப்பில் நின்றார். திரும்பி வந்தபோது அவர் குரல் வேறாக இருந்தது.

"ஸ்டூடியோவிலேருந்து பொழுது சாயத்தான் வருவேன். சமையல்கட்டுல உக்காந்து சாப்பிடுவேன். அவ எதிர்ல உக்காந்து பரிமாறுவா. பேசுவா. ஆனா என்னைப் பார்த்துப் பேச மாட்டா. என் தோளுக்கு மேல பார்த்துக்கிட்டே பேசுவா."

"தோளுக்கு மேல என்ன இருந்துது?"

"பின்வாசல்."

"வாசலுக்கு அப்பால?"

"தெரியாது. அதுக்கு முதுகைக் காட்டித்தானே உக்காந்திருப்பேன். சாப்பிடறவன் திரும்பித் திரும்பியா பார்ப்பான்?"

"வீடு இருக்கா?"

"இடிச்சுட்டு அரிசி மில்லு கட்டிட்டாங்க."

டீச்சர் ஒரு வெற்றுத் துணியைச் சாய்த்து வைத்தார். ஒரு தட்டு. அமைதி. இன்னொரு தட்டு.

"ம். தயார்."

தணிகாசலம் பின்வாசலை வரைந்தார். அவர் கைக்கு வரையத் தெரியும். நிலை, கதவு, நாதாங்கி, கதவோரத்தில் விளக்குமாறு, வெளியே துவைக்கிற கல், கல்லின் மேல் ஒரு வாளி. பார்த்ததும் எனக்கு யாருடைய வீட்டுக் கொல்லையோ ஞாபகம் வந்தது. அழகாக இருக்கிறது என்றேன்.

டீச்சர் பார்த்துவிட்டு, "வாளி நல்லா இருக்கு" என்றார். "அவங்க வாளியையா பார்த்துக்கிட்டிருந்தாங்க?"

"அதை எதுக்குப் பார்க்கிறா?"

"அப்ப எடுத்துடுங்க."

வாளியை எடுத்தார். மறுநாள் கல்லை எடுத்தார். விளக்குமாறு போயிற்று. நாதாங்கி போயிற்று. ஒவ்வொன்றையும் சுரண்டும்போது அவர் முகம் சுருங்கும். நிலைக்கு வந்தபோது நின்றுவிட்டார்.

"இதையும் எடுத்துட்டா அது வாசலுன்னே தெரியாது."

"யாருக்குத் தெரியணும்?"

"பார்க்கிறவங்களுக்கு."

"வேதவல்லிக்கு அது வாசலுன்னு தெரியுமில்ல?"

நிலையும் போயிற்று. துணியில் இப்போது ஒன்றும் இல்லை. கறைகள் மட்டும் இருந்தன. தணிகாசலம் அதன் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அன்று முழுவதும் எழுந்திருக்கவில்லை. சோறு வேண்டாம் என்றார்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சு. இனிமே எங்கேருந்து தொடங்கறது?"

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. நான்தான் அதைப் பார்க்கவே இல்லியே. அவ முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். டீச்சர் அசையாமல் நின்றார். நான் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டேன்.

"முகத்துல வெளிச்சம் விழுந்துது," என்றார் தணிகாசலம் மெதுவாக. "போட்டோவுல முகத்து வெளிச்சத்தைப் பார்த்தா ஜன்னல் எங்க இருந்துதுன்னு நான் சொல்லிடுவேன். எவ்வளவு உசரம், வெளியில வெயிலா மப்பான்னு சொல்லிடுவேன். அவ நெத்தியில விழுந்த வெளிச்சம் எனக்குத் தெரியும்."

"என்ன நிறம்?"

"மஞ்சள்னு சொல்ல முடியாது. கழுநீர் மாதிரி இருக்கும். கன்னத்துல இறங்கையில கொஞ்சம் பச்சை அடிக்கும். எதிர்ல பாசி பிடிச்ச சுவரு இருந்திருக்கும். தாடைக்குக் கீழ சாம்பல். தரையிலேருந்து அடிச்ச வெளிச்சம் அது. ஈரத் தரை."

எழுந்தார். பஞ்சைச் சுற்றினார்.

அதற்குப் பிறகு அவர் எங்களிடம் அதிகம் பேசவில்லை. நிறத்தைக் கலப்பார், தன் கண்ணை மூடிக்கொள்வார், திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி கலப்பார். துணியின் மேற்பகுதியில் அந்தக் கழுநீர் நிறம் மெல்ல மெல்ல ஏறியது. ஒரு பூச்சு காய்ந்தபின் இன்னொரு பூச்சு, போட்டோவுக்கு நிறம் ஏற்றுவதுபோல, மூச்சுவிடும் கனத்தில். கீழே சாம்பல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோடு போட்டுப் பார்த்தார். சரியில்லை. கோட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தில் இரண்டு நிறமும் ஒன்றுக்குள் ஒன்று போயின. அதை அப்படியே விட்டார்.

ஒரு பிற்பகல் கதவைச் சாத்த மறந்துவிட்டோம். உப்புத் தூசி பறந்து வந்து ஈரப் பூச்சின் மேல் ஒட்டிக்கொண்டது. கீழ்ப்பகுதி முழுக்க நொய் நொய்யாகி, வெளுத்துவிட்டது. தணிகாசலம் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பாதியில் நின்றார்.

"டீச்சரம்மா, இங்க வந்து பாருங்க."

"பார்க்கிறேன்."

"அந்த நேரத்துல வீட்டுக்குள்ள அடுப்புப் புகை இருக்கும். அதை நான் போடவே இல்ல. தானா வந்திருக்கு."

"துடைக்கப் போறீங்களா?"

அவர் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆடி முடிகிற சமயம். படம் சுவரில் சாய்ந்திருந்தது. அது என்ன என்று கேட்டால் சொல்ல முடியாது. மேலே ஒரு வெளிச்சம், கீழே ஒரு சாம்பல், இடது பக்கம் கொஞ்சம் பச்சை, எல்லாவற்றின் மேலும் ஒரு மங்கல். நான் அதன் எதிரில் நின்றபோது யாரையோ வரச்சொல்லிவிட்டுக் காத்திருப்பதுபோல இருந்தது. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தணிகாசலம் மெல்லிய பிரஷ்ஷை எடுத்தார். ஒரு சிமிழில் கறுப்பு, ஒரு சிமிழில் வெள்ளை. படத்தின் முன்னால் நின்று பிரஷ்ஷை உயர்த்தினார். மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார்.

"எங்க வைக்கிறதுன்னு தெரியல, டீச்சரம்மா."

"இன்னைக்கு வேணாம்."

"நாள் ஆயிடுச்சு. கஸ்தூரி வந்து கேட்டா நான் என்ன காட்டுவேன்?"

"ஞாயித்துக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கிட்டு வாங்க."

"கண்ணு வைக்காம அவளை எப்படிக் கூட்டிக்கிட்டு வர்றது?"

டீச்சர் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பஸ்ஸில் இருவரும் வந்தார்கள். கஸ்தூரி துடியான பெண். டைப்ரைட்டிங் முடித்திருந்தாள். வந்ததும் வராததுமாக, "எங்கப்பா இங்க ஒழுங்காச் சாப்பிட்டாரா, டீச்சர்? பாதியா இளைச்சுட்டாரு" என்றாள். கொண்டுவந்த முறுக்கை என்னிடம் கொடுத்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். கண்களாக இருந்த படங்களை டீச்சர் முதல் நாளே சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்.

"அப்பா, படம் எங்க?"

"இதான்."

அவள் பார்த்தாள். அப்பாவைப் புண்படுத்தாமல் எப்படிக் கேட்பது என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"இதுல அம்மா எங்கப்பா?"

தணிகாசலத்தின் கை சட்டைப் பையில் இருந்த மெல்லிய பிரஷ்ஷைத் தேடியது.

டீச்சர் மூலையில் கிடந்த மணையை எடுத்துவந்து படத்துக்கு எதிரில், சற்றுத் தள்ளிப் போட்டார்.

"உக்காரும்மா."

கஸ்தூரி உட்கார்ந்தாள். நின்று பார்த்ததற்கும் உட்கார்ந்து பார்ப்பதற்கும் படம் வேறாக இருந்தது. அவள் முகத்துக்கு நேராக அந்த வெளிச்சம் வந்தது.

"அண்ணே, நீங்க சாப்பிட உக்காருவீங்களே. அங்க உக்காருங்க."

தணிகாசலம் புரியாமல் பார்த்தார். பிறகு, ஒரு பழைய வீட்டுக்குள் நடப்பவரைப்போல நிதானமாக நடந்து, மகளுக்கு எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். படம் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

கஸ்தூரி அவர் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்திருந்தது. பாத்திகளில் யாரோ பலகையால் உப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் கொஞ்சம் தலையைச் சாய்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். பிறகு சுருக்கம் போய்விட்டது.

"புகையாட்டம் இருக்கு," என்றாள், அவரைப் பார்க்காமலே. "மழை பெஞ்சு விட்டாப்பல. நல்லா இருக்குப்பா. பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

தணிகாசலம் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் அவர் மடியில் கிடந்தது.

கஸ்தூரிக்கு ஏதோ ஞாபகம் வந்தது.

"டீச்சர், கண்ணு வைக்கணும்னு அப்பா சொல்லிக்கிட்டிருந்தாரே. எப்ப வைப்பாரு?"

டீச்சர் தணிகாசலத்தைப் பார்த்தார். அவர் திரும்பவில்லை.

"வச்சாச்சும்மா," என்றார் டீச்சர்.



தை மாதம், அந்தப் படத்துக்கு மாலை போட்டு, கஸ்தூரிக்குக் கல்யாணம் நடந்தது. தணிகாசலம் அதற்குப் பிறகு வேறு படம் எதுவும் போடவில்லை. எழுபத்தொன்பதாம் வருஷம், செய்யாற்றில் மகள் வீட்டில் இறந்தார்.